கம்பத்துக்கு முதல் குடம்

மார்ச் 9, ஞாயிறு

மிதுன் வந்துவிட்டான். கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் முதலில் அடையாளம் தெரியவில்லை. தாடி வைத்திருக்கிறான். இரண்டு பெட்டியோடு போனவன் ஒன்றோடு திரும்பியிருக்கிறான். இன்னொன்று எங்கே என்றேன். "தேவைப்படலம்மா, ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்" என்றான். நெதர்லாந்தில் ஒன்றரை வருஷம் படித்து, என் பெட்டியைத் தானம் கொடுக்கக் கற்றிருக்கிறான்.

அவன் படிப்பின் பெயர் சஸ்டெயினபிலிட்டியும் கல்ச்சரும். ஊரில் கேட்பவர்களுக்குச் சுற்றுச்சூழல் இன்ஜினியரிங் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்ஜினியரிங் என்று சேர்த்துவிட்டால் யாரும் மேலே கேட்பதில்லை.

நான் அவனை ஆசைக்கு அனுப்பவில்லை. என் சரக்கு போகிற நாடு அது. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்த பிறகு விழுகிற தூளுக்கு எங்கள் பக்கம் பித் என்று பெயர். இருபத்தாறு வருஷத்துக்கு முன் நார் மில்காரர்கள் அதை ரோட்டோரம் கொட்டித் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மொபெட்டில் போய் அந்தக் குப்பையை விலைக்குக் கேட்டேன். சிரித்தார்கள். இப்போது அதே தூளைக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்திக் கப்பலில் ஏற்றுகிறேன். அங்கே கண்ணாடி வீட்டுக்குள் மண்ணுக்குப் பதிலாக அதில்தான் தக்காளி வளர்க்கிறார்கள். வாங்குகிறவன் இப்போது சரக்கோடு பேப்பரும் கேட்கிறான், கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று. அந்தப் பேப்பரை அவன் பாஷையில் எழுத வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

ஆறு வாரம் இருப்பான்.

மார்ச் 11, செவ்வாய்

போனில் ஒரு படம் காட்டினான். தக்காளிக் கொடிக்கு அடியில் வெள்ளைப் பை, பையில் என் கம்பெனி முத்திரை. "கிளாஸ்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போனாங்க. பாத்ததும் கத்திட்டேன், எங்கம்மாதுன்னு."

வாத்தியார் அவனுக்குக் கொடுத்திருக்கிற வேலை இதுதான்: அங்கே புழங்குகிற ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது பிறந்த இடம் வரை பின்னாலேயே போக வேண்டும். அந்த ஊரார் தண்ணீரை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். இவன் என் பித்தை எடுத்துக்கொண்டான்.

"ஏம்மா, கழுவித்தான் வேணும்னு எதுக்குக் கேக்கறாங்க?"

"உப்பு இருந்தா செடி கருகிரும்."

"அத அவங்களே கழுவிக்கலாமே. அங்க கழுவுன தண்ணிய வாய்க்கால்ல உட்டா அபராதம். அதான் கழுவி வாங்கறாங்க."

"இத கண்டுபிடிக்கவா ஒன்றரை வருஷம்? அவங்க உட முடியாதத நாம உடறோம். அதுக்குத்தான் வெலை."

சாப்பிட்டுக் கை கழுவினான். பிறகு, "நாம எங்க உடறோம்?" என்றான்.

"குளத்துல" என்றேன்.

பித் காயவைக்கிற களத்துக்கு வடக்கே குளம் இருக்கிறது. அடியில் பிளாஸ்டிக் ஷீட் போட்டது. கழுவின தண்ணீர் அதில் நின்று வெயிலில் ஆவியாகும். பேப்பரில் அப்படித்தான் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

கேன் தண்ணீர் பன்னிரண்டு இறங்கியது. "நம்ம கெணத்துத் தண்ணிய குடிக்கறதில்லையா?" என்று கேட்டான். வேலையாட்கள் அதிகம் என்றேன்.

மார்ச் 15, சனி

குளத்துக்குள் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, கோடு போட்டு, மூன்று நாளாக அளந்துகொண்டிருக்கிறான். மாரப்பன் வந்து சொன்னான். மாரப்பன் என் களத்து மேஸ்திரி. மொபெட் காலத்திலிருந்து என்னோடு இருக்கிறவன்.

"அம்மிணி, தம்பி குச்சிய வெச்சு என்னமோ பண்ணுது. நான் பாக்காத மாதிரி போயிட்டனுங்."

சாயங்காலம் மிதுன் கேட்டான். "தெனமும் அவ்வளவு தண்ணி உள்ள வருது. ஆனாலும் கொளம் நாலு வெரல் எறங்குது. எப்படிம்மா?"

"வெயிலு குடிக்குது."

"வெயிலு ஒரு நாளைக்கு அரை வெரலுக்கு மேல குடிக்காதும்மா."

இதற்குத்தான் அனுப்பினேனா என்று தோன்றியது. கணக்கு தெரியாத பிள்ளையாக இருந்திருந்தால் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பான்.

எதையும் மறைக்காமல் எழுதுகிற பழக்கம் எனக்கு. ஆனால் ஒன்று மட்டும் இந்த டைரியில் இதுவரை எழுதவில்லை. குளத்துக்கு வடமூலையில் ஒரு போர், ஆழ்துளைக் கிணறு, இருக்கிறது. 2016 கோடையில் ஆயிரத்து நூறு அடி ஓட்டினோம். புகைதான் வந்தது. தண்ணீர் தராத போர் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். மூன்று வருஷமாக, மதியம் ஒரு மணிக்கு, ஆட்கள் சாப்பிடப் போனதும், மாரப்பன் மோட்டாரைப் போடுவான். இரண்டு மணிக்கு நிறுத்துவான்.

எழுதியாகிவிட்டது. நான்தான் பண்ணினேன் என்று எழுதின இந்தப் பக்கத்திலேயே, மற்றவர்களும் இப்படித்தான் பண்ணுகிறார்கள் என்றும் எழுதலாம். அது உண்மைதான். எழுதி என்ன ஆகப்போகிறது.

மார்ச் 18, செவ்வாய்

சாந்தாமணி அக்கா வந்திருந்தாள். எங்களுக்குக் கிழக்கே அடுத்த தோட்டம். எங்களுக்குப் பங்காளி வீடு.

"எம்மாடு தொட்டித் தண்ணிய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது புள்ளை."

"மாட்டுக்கு வயசாயிருச்சுக்கா."

"மூணு மாட்டுக்குமா ஒரே நாள்ல வயசாகும்?"

காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கேன் தண்ணி" என்றாள். முறுக்குத் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

வந்தது வேறு விஷயத்துக்கு. மாரியம்மன் நோம்பி, ஏப்ரல் பிறந்ததும் வருகிற ஊர்த் திருவிழா. கோயில் மண்டபத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்ததால் இந்த வருஷம் கம்பத்துக்கு முதல் குடம் நான்தான் ஊற்ற வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறார்களாம். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மொபெட்டுல குப்பை பொறுக்கப் போனவள்னு உன்னைய சொன்னவளுக எல்லாம் உனக்குப் பொறவுதான் நிக்கோணும்."

அவள் போன பிறகு அழுதேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

மிதுனுக்குக் கம்பத்தைப் பற்றி எல்லாம் தெரிய வேண்டுமாம். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தான். இந்த ஊரிலேயே பிறந்து, பதினேழு வருஷம் பார்த்தவனுக்கு நான் சொல்கிறேன்: பால் வடிகிற மரத்தை மூன்று கவையோடு வெட்டி, பட்டை சீவி, வெள்ளையாகக் கோயில் முன்னால் நடுவார்கள். மறுநாள் காலையிலிருந்து பதினைந்து நாளைக்கு வீட்டுக்கு ஒரு பெண் ஈரச் சேலையோடு குடம் கொண்டுபோய் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சில ஊரில் மஞ்சள் கரைப்பார்கள். எங்கள் ஊரில் மஞ்சள் குடத்தின் கழுத்தில்தான். உள்ளே வெறும் தண்ணீர்.

"யார் கெணத்துத் தண்ணி?"

"அவங்கவங்க கெணத்துத் தண்ணி. அடுத்தவங்க கெணத்துல எறைக்கக் கூடாது."

எழுதுவதை நிறுத்திவிட்டான். அவன் படிக்கிற ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள் வாய்க்கால் பார்க்க வருவார்களாம். அவரவர் நிலத்தை ஒட்டின வாய்க்காலை அவரவர் சுத்தம் பண்ணி வைத்திருக்க வேண்டும். நானூறு ஐந்நூறு வருஷமாக நடக்கிறதாம். "அங்க அதிகாரி நடந்து போய்ப் பாக்கறாரு. இங்க ஒவ்வொரு வீடும் தன்ற கெணத்துத் தண்ணியக் கொண்டாந்து ஊர் முன்னால, வெள்ளை மரத்து மேல ஊத்திக் காட்டுது. இது சாமி கும்பிடறது மட்டும் இல்லம்மா. செக்கிங்."

"மாரியாத்தா உங்க வாத்தியாருக்கு இன்ஸ்பெக்டரா?"

சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் தென்னை மரத்தோடு பேசுகிற அளவுக்குக்கூட எங்களோடு பேசுவதில்லை. எழுந்து கை கழுவப் போனவர், குழாயைத் திறந்து, தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 22, சனி

மிதுன் ஒரு டப்பா காட்டினான். உள்ளே செங்கல் நிறத்தில் பொடி. கண் டாக்டர்கள் ஊசியில் ஏற்றுகிற மருந்துதானாம், யாருக்கும் கெடுதல் இல்லை. தண்ணீரில் கரைந்தால் பச்சையாகும். எவ்வளவு கொஞ்சமாகக் கலந்தாலும், தெளிந்த தண்ணீரில் வெயில் பட்டால் காட்டிக் கொடுத்துவிடுமாம். குளத்தில் இதைப் போடலாமா என்று என் அனுமதி கேட்டான். கேட்காமலே போட்டிருக்கலாம். கேட்டான்.

"கொளம் ஒழுகலேன்னா எந்தக் கெணத்துலயும் பச்சை வராது. அதயே எழுதி உனக்குப் பேப்பர் தந்தர்றேன். வாங்கறவன் மறுபேச்சுப் பேச மாட்டான்."

யோசித்தேன். வேண்டாம் என்றால் அதுவே பதிலாகிவிடும். நாலு நாள் மோட்டாரைப் போடாமல் இருந்தால் போதும். வெயிலில் நிறம் வெளுத்துவிடும் என்று அவனேதான் சொன்னான்.

"திங்கக்கெழமையே போட்டுரு. நோம்பிக்குள்ள முடிச்சுக்கோ" என்றேன். நாள் குறித்தது நான்தான்.

மார்ச் 24, திங்கள்

போட்டான். குளத்துத் தண்ணீர் ஏற்கெனவே காப்பி நிறம். பச்சை ஒன்றும் தெரியவில்லை. எங்கள் கிணற்றையும் சேர்த்து, எங்கள் தோட்ட வரிசையில் இருக்கிற பதினோரு கிணற்றிலும், தண்ணீர் சோதனை என்று மட்டும் சொல்லி, கிணற்றுக்கொரு கரித்தூள் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். கரி அந்தப் பொடியைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். பத்து நாள் கழித்து எடுத்து லேபுக்கு அனுப்புவான்.

மாரப்பனிடம் நாலு நாளைக்கு மோட்டாரைத் தொடாதே என்றேன். "செரிங் அம்மிணி" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 26, புதன்

சாயங்காலம் நாலு மணிக்கு மழை. மார்ச்சில் இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. ஒன்றரை மணி நேரம். குளம் கரை வரை நிற்கிறது. இன்னும் ஒரு சாண் ஏறினால் ரோட்டில் ஓடும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்.

தூத்துக்குடிக்குப் போக வேண்டிய சரக்கு பாதி இன்னும் கழுவவில்லை.

மார்ச் 27, வியாழன்

மிதுன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போயிருந்தான். குளத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். பச்சை இல்லை. காப்பி நிறம்தான்.

மதியம் ஒரு மணிக்கு மோட்டார் போடச் சொன்னேன். நாலு மணி வரை ஓடியது.

மார்ச் 29, சனி

லோடு போயிற்று. கொஞ்சம் மூச்சு வந்தது.

மார்ச் 31, திங்கள்

வீட்டுக்காரர் கிணற்றில் விட்டிருந்த ஜிலேபி மீன் இரண்டு செத்து மிதக்கிறது என்றார். பார்க்கப் போனேன். உச்சி வெயில். சூரியன் நேராகக் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

பச்சை. பாசி நிறமல்ல, இலை நிறமும் அல்ல. ஸ்கூல் பிள்ளைகள் பேப்பரில் அடிக்கிற மார்க்கர் பேனா நிறம். உள்ளே யாரோ விளக்குப் போட்டு வைத்த மாதிரி இருந்தது.

பொடியால் மீன் சாகாது. மிதுன் தெளிவாகச் சொல்லியிருக்கிறான். அப்படியானால் மீன் எதனால் செத்தது என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை. "துளசி" என்று மட்டும் கூப்பிட்டார். கல்யாணமான புதிதில் அப்படிக் கூப்பிடுவார்.

மிதுன் பொள்ளாச்சிக்குப் போயிருந்தான். நான் பண்ணினதை வரிசையாக எழுதுகிறேன். கிணற்றில் தொங்கின பொட்டலத்தை எடுத்து அடுப்பில் போட்டேன். அவன் மேஜையில் மிச்சமிருந்த கரித்தூளில் இன்னொன்று கட்டி, கேன் தண்ணீரில் நனைத்து, அதே கயிற்றில் தொங்கவிட்டேன். கிணற்றின் மேல் தார்ப்பாய் போட்டேன், இலை விழுகிறது என்று.

மற்ற கிணறுகளைப் போய்ப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வேண்டாம் என்று விட்டேன். நாலு தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தால், எதைத் தேடுகிறாள் என்று ஊர் கேட்கும். போரை ஒட்டி இருப்பது என் கிணறுதான். கைக்கெட்டுகிற தூரம். மற்றதெல்லாம் தள்ளி இருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

சாயங்காலம் கம்பம் நட்டார்கள். சீவின மரம் எலும்பு மாதிரி வெள்ளை.

நாளைக்கு முதல் குடம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கினேன். ஒரு கேனைத் தனியே எடுத்து உள் ரூமில் வைத்தேன். வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தாளுக்குக் கேன் தண்ணியா?"

"சுத்தமான தண்ணிதானுங்க."

"அதில்ல புள்ளை. நம்ம கெணத்துது இல்லையே."

"பச்சையா ஊத்தச் சொல்றீங்களா, ஊர் முன்னால?"

அவர் போய்ப் படுத்துக்கொண்டார். பன்னிரண்டு பெண்கள் என் களத்தில் வேலை செய்கிறார்கள். லோடு நின்றால் அவர்கள் வீட்டில் என்ன ஆகும் என்று இவருக்கு யார் சொல்வது.

ஏப்ரல் 2, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும். 

ஐந்தே முக்காலுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, குடத்தின் கழுத்தில் மஞ்சள் பூசி, வாயில் வேப்பிலை செருகிக் கிளம்பினேன். கோயிலில் அறுபது எழுபது பேர். மேளம். எங்கள் வரிசைத் தோட்டத்துப் பெண்கள் பத்துப் பேரும் எனக்குப் பின்னால் குடத்தோடு நின்றார்கள். எல்லாரும் விடியுமுன்னே இருட்டில் இறைத்து வந்தவர்கள். மிதுன் ஓரமாக நோட்டோடு நின்றான்.

பூசாரி கூப்பிட்டார். ஊற்றினேன். கண்ணாடி மாதிரி விழுந்தது. கம்பம் நனைந்து இன்னும் வெள்ளையாயிற்று. குலவை போட்டார்கள். என் வாழ்க்கையில் அந்த ஒரு நிமிஷம் முழுசாக எனக்கு நன்றாக இருந்தது. அதை மறுக்கப் போவதில்லை.

அடுத்தது சாந்தாமணி அக்கா. அவள் குடத்தைச் சாய்க்கும்போது கிழக்கே அரச மரத்துக்கு மேல் வெயில் வந்துவிட்டது.

பச்சையாக விழுந்தது.

மேளக்காரன் அடித்துக்கொண்டே இருந்தான், அவன் பார்க்கவில்லை. அக்கா பாதிக் குடத்தில் நிறுத்திவிட்டாள். யாரோ வேப்பிலைச் சாறு என்றார்கள். யாரோ ஆத்தா நிறம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்தவள் ஊற்றினாள். பச்சை. அதற்கடுத்தவள். பச்சை. வெள்ளை மரத்தில் வழிந்து, அடியில் சிமெண்டு மேடையில் தேங்கி, வெயிலில் மின்னியது. எங்கள் வரிசையில் பதினோரு கிணறு. பத்துக் குடம் பச்சை. அந்தப் பக்கத்து வரிசைக்காரிகள் ஊற்றினது சாதாரணத் தண்ணீர். அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

மேளம் நின்றது. சாந்தாமணி அக்கா என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. வெறுமனே கணக்குக் கேட்கிற குரல்.

"கொளத்துக்குப் பக்கத்துல இருக்கறது உன்ற கெணறுதான புள்ளை. எங்களுக்கு வந்தது உனக்கு ஏன் வல்லை?"

நான் ஏதோ சொன்னேன். போன வாரம் தூர் எடுத்தோம் என்று சொன்னேன் என நினைக்கிறேன்.

"தூர் எடுத்தா எனக்குத் தெரியாதா? வேலிக்கு இந்தப் பக்கம்தான நிக்கறேன்." குனிந்து என் குடத்தில் மிச்சமிருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். "இது கேன் தண்ணி."

இந்த ஊரில் இருபத்தாறு வருஷமாக என்னைக் கெட்டிக்காரி என்பார்கள். என் கெட்டிக்காரத்தனம் இல்லாமல் என் கிணற்றிலேயே இறைத்து ஊற்றியிருந்தால் பதினோரு குடத்தில் ஒன்றாகப் போயிருக்கும். ஆத்தா நிறம் என்று எல்லாரோடும் சேர்ந்து நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மிதுன் கேட்டான். "கேன் தண்ணியாம்மா?"

"ஆமா."

"பொட்டலம்?"

"அதுவும் நான்தான்."

"போர் மோட்டாரு?"

தலையை ஆட்டினேன். சத்தம் போடுவான் என்று பார்த்தேன். போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவன் என் ஈரச் சேலையைப் பார்த்துவிட்டுத் துண்டு எடுத்து வந்து கொடுத்தான்.

"நோம்பிய பாத்துத்தான் நாள் வெச்சியா கண்ணு?"

"நாள் நீ சொன்னதும்மா. இவ்வளவு சீக்கிரம் வரும்னு எனக்கே தெரியாது. ஷீட்டு ஒழுகியிருந்தா மாசக்கணக்காகும். போர்ல உட்டதாலதான் ஒம்பதே நாள்ல வந்துருச்சு."

"என்னத்த எழுதப் போற?"

"பாத்தத."

"உன்ற படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்துதுன்னும் எழுது."

"அத மொதல் பக்கத்துலயே எழுதிட்டேம்மா" என்றான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் சாந்தாமணி அக்கா கேட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. நாளைக்கு எல்லாரும் என் கிணற்றில்தான் இறைக்கப் போகிறார்களாம். அடுத்தவர் கிணற்றில் இறைக்கக் கூடாதே என்றேன். "ஒரே தண்ணிதான் புள்ளை இப்ப, உன்றது என்றதுன்னு என்ன இருக்குது" என்றாள். சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 3, வியாழன்

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. மாரப்பனுக்குப் போன் பண்ணினேன், போரிலிருந்து குழாயைக் கழற்ற. எடுக்கவில்லை. அவன் பெண்டாட்டியும் நேற்று அந்தப் பத்தில் ஒருத்தி. என்னிடம் சம்பளம் வாங்குகிறவன் வீட்டுக் கிணறு அது என்று மூன்று வருஷமாக நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

வீட்டுக்காரர் கிணற்றுமேல் இருந்த தார்ப்பாயை எடுத்து மடித்து வைத்திருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் மிதுன் ஒரு சின்னப் பாட்டில் வைத்திருக்கிறான். லேபிளில் என் பெயர், கிணற்று எண் ஒன்று, இன்றைய தேதி. காலியாக இருக்கிறது. நானே நிரப்பித் தர வேண்டும் போல.

பதினைந்து காலையில் ஒன்று முடிந்திருக்கிறது.

கேட்டுக்கு வெளியே குடங்களைக் கீழே வைக்கிற சத்தம் கேட்கிறது. ஒன்று, இரண்டு. பேச்சுக் குரலே இல்லை. ஆறு, ஏழு. சாவி என்னிடம்தான் இருக்கிறது. போய்த் திறக்கிறேன்.